வடக்கில் தேய்ந்தவன்



பரமத்தி வேலூரிலிருந்து காவிரிக் கரையோரமாக ஜேடர்பாளையம் செல்லும் பாதையில் ஒரு மாலை நேரத்திலே நடந்து பாருங்கள். ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் கரும்பு, இடையே வெற்றிலைக் கொடிக்கால். காற்றெல்லாம் பாகின் மணம். ஆலைக் கொட்டகையிலே கொப்பரை கொதிக்கிறது. கொதித்த பாகு உருண்டையாகவும் அச்சாகவும் உருவெடுத்துப் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்கு வண்டியேறுகிறது. தைத்திங்கள் முதல் நாள் பானையிலே இட்டுப் 'பொங்கலோ பொங்கல்' என்று முழங்குகிறோமே, அந்த வெல்லம்! அதைக் கிளறிய கை எவருடையது என்று என்றேனும் கேட்டதுண்டா? ஒடிசாவிலிருந்தும் வடபுலத்தின் வேறு மாநிலங்களிலிருந்தும் ரயிலேறி வந்த இளைஞனுடைய கை. தமிழர் திருநாளின் இனிப்பிலே அவன் வியர்வை கலந்திருக்கிறது.

அந்தக் கொட்டகைகளிலே ஒன்று 2023ஆம் ஆண்டு மே திங்களில் எரிந்தது.

எப்படி எரிந்தது என்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நாம் மறதிக்குப் பேர்போனவர்கள். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அந்த வட்டாரத்திலே ஆடு மேய்க்கச் சென்ற இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள். கேட்டவர் நெஞ்சமெல்லாம் பதறிய கொடுமை அது. வெல்ல ஆலையிலே வேலை பார்த்த வடமாநிலத்தவன் ஒருவன் கைதானான். வழக்கு சட்டத்தின் கைக்குப் போயிற்று. போன வழக்கு போகட்டும் என்று ஊர் இருந்ததா? இல்லை. ஆலைக் கொட்டகைகள் தீக்கிரையாயின. வாழை மரங்கள் இரவோடு இரவாக வெட்டிச் சாய்க்கப்பட்டன. காவலர் வந்து முகாமிட்டனர். அதற்குப் பிறகும், மே திங்களில் ஓர் இரவு, உழைத்த களைப்பிலே உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்மீது நெருப்பு வீசப்பட்டது. நால்வர் வெந்தனர். ஒருவன் மருத்துவமனையிலே மாண்டான்.

அவன் செய்த குற்றம் என்ன? கைதானவன் பிறந்த திசையிலே இவனும் பிறந்தான் என்பதைத் தவிர வேறு குற்றம் ஏதேனும் உண்டா? ஒருவன் குற்றத்துக்கு அவன் பிறப்பையெல்லாம் பொறுப்பாக்கும் நீதியை, தோழர்களே, நாம் எங்கோ படித்திருக்கிறோம். அது மனுவின் நீதி. அதைக் கொளுத்துவதற்கென்றே புறப்பட்டவர்கள் நாம்!

'இது காவல்துறையின் வேலை, கட்சிக்கு இதிலே என்ன?' என்று ஏட்டைப் புரட்டிவிடாதீர்கள். நெருப்பை வீசிய கை ஒன்றோ இரண்டோ இருக்கும். அந்த நெருப்புக்குச் சருகு பொறுக்கிக் கொடுத்தவர் பலர். தேநீர்க் கடையிலே 'வடக்கன்' என்று எள்ளலாக ஒரு சொல்லை உதிர்த்தவன் பொறுக்கினான். அலைபேசியிலே வந்த பொய்ப் படத்தை மெய்யா என்று பாராமல் பத்துப் பேருக்கு அனுப்பியவன் பொறுக்கினான். நானும் பொறுக்கினேன்.

ஆம்! கல்லூரியைப் பாதியிலே உதறிவிட்டு மேடைக்கு ஓடிவந்தவன் நான். வயிற்றுக்கு நாடகம், நெஞ்சுக்கு இயக்கம் என்று வாழ்பவன். சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய நாடகம் ஒன்றிலே, வாயிலே பீடாவைக் குதப்பிக்கொண்டு, தமிழைக் கடித்துத் துப்பும் வடநாட்டுத் தொழிலாளி ஒருவனைப் புகுத்தினேன். கதைக்கு அவன் தேவையில்லை, கைதட்டலுக்குத் தேவைப்பட்டான். பள்ளிபாளையம் பக்கத்து ஊர் ஒன்றிலே அரங்கேறிய இரவு, பந்தல் வேலைக்கு வந்த இரண்டு வடபுலத்து இளைஞர்கள் ஓரமாக நின்று பார்த்துக் கொண்டிருந்தனர். கூட்டம் சிரித்தது, அவர்களும் சிரித்தனர். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தனர். பக்கத்திலே நின்ற பொடியன் ஒருவன் கையைச் சுட்டிச் சாடையாகச் சொன்னான்: 'உன்னைத்தான்!' அவர்கள் சிரிப்பு நின்றதை மேடையிலிருந்து நான் கண்டேன்.

அன்றிரவே அந்தக் காட்சியை வெட்டி எறிந்தேன் என்று எழுதினால் எனக்கு அழகாக இருக்கும். உண்மை அதுவன்று. மேலும் நான்கு ஊர்களிலே அதே பாத்திரம் அதே பீடாவை மென்றது. கைதட்டல் அவ்வளவு இனிக்கும், தோழர்களே. ஐந்தாவது ஊரிலேதான் வெட்டினேன். அதற்குள் எத்தனை பேர் நெஞ்சிலே சருகு சேர்ந்ததோ!

இனி, நம் தோழர்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். 'இந்தி ஆதிக்கத்தை எதிர்த்துச் சிறை சென்றோம். 1965இலே குண்டடி பட்டோம். இன்று இந்திக்காரனே வந்து குந்திக்கொள்கிறானே, இவனுக்குப் பரிவா?' என்கிறார்கள். நல்ல கேள்வி. கேட்பவருடைய மொழிப்பற்றை ஐயுற மாட்டேன். ஆனால் குறி தவறிய அம்பு அது.

திணிப்பு எப்படி வரும்? அரசாணையாக வரும். வங்கியின் படிவமாக வரும். தேர்வுத் தாளாக வரும். மேலதிகாரியின் நாற்காலியிலே அமர்ந்து வரும். நாமக்கல் கோழிப்பண்ணையிலே எச்சம் அள்ள வருகிறவன் எதைத் திணிப்பான்? சேகோ ஆலையிலே மரவள்ளிக் கிழங்கு மூட்டை சுமப்பவன் கையிலே எந்த அரசாணை இருக்கிறது? அவன் வந்த மூன்றாம் திங்களிலே 'அண்ணா, சாப்பாடு' என்று தமிழ் பேசத் தொடங்கிவிடுகிறான். நடுவண் அமைச்சர் எவரேனும் மூன்று ஆண்டுகளிலே அவ்வளவு கற்றதுண்டா?

அவனை 'இந்திக்காரன்' என்கிறீர்களே, அவன் தாய்மொழி எது என்று கேட்டீர்களா? ஒடிசாவிலிருந்து வந்தவன் பேசுவது ஒடியா. தன் மொழிக்கென்று ஒரு மாகாணம் வேண்டுமென்று போராடி 1936ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பெற்ற மக்கள் அவர்கள். மொழிவழி மாநிலம் என்ற பேச்சிலே நமக்கு முன்னோடிகள். சார்க்கண்டிலிருந்து வந்தவன் சந்தாளி பேசுபவனாக இருக்கலாம். அந்த மொழிக்கு ரகுநாத் முர்மு என்ற பெரியார் 1925இலே தனி எழுத்தையே வடித்துக் கொடுத்தார். 'ஓல் சிக்கி' என்று அதற்குப் பெயர். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலே அம்மொழிக்கு இடம் கிடைத்ததோ 2003இலேதான். போச்புரி பேசுவோரும் மககி பேசுவோரும் கோடிக்கணக்கில் இருந்தும் இன்றுவரை அந்த அட்டவணைக்கு வெளியே நிற்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கிலே அவர்களையெல்லாம் வாரி விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறது இந்தி. இந்தி தின்ற மொழிகளின் பிள்ளைகள், தோழர்களே, இவர்கள்!

இன்னொன்று சொல்கிறேன், வியப்பாக இருக்கும். சார்க்கண்டு, சத்தீசுகர்ப் பகுதிகளிலே ஓராவோன் மக்கள் பேசும் குடுக்கு மொழியும், கோண்டு மக்கள் பேசும் கோண்டியும் எந்த மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை தெரியுமா? திராவிட மொழிக் குடும்பம்! கால்டுவெல்லார் பெயரைச் சொல்லி மேடையிலே மார்தட்டுகிறோம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் இராசிபுரம் பேருந்து நிலையத்திலே மூட்டையோடு இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். உறவு என்பதற்காகத்தான் பரிவு காட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உறவில்லாத வங்காளியும் அசாமியனும் மனிதர்தாம். ஆனாலும் உறவையே அறியாதவன் இனப்பற்றைப் பேசுவது வேடிக்கை அன்றோ!

வடக்கு வாழ்ந்ததையும் தெற்கு தேய்ந்ததையும் புள்ளிவிவரத்தோடு எடுத்துப் பேசி வளர்ந்தவர்கள் நாம். பேசியது நியாயம். ஆயின், வாழ்ந்த வடக்கு இவனுடைய வடக்கா? இவன் வடக்கிலே தேய்ந்தவன். 1950களிலே நடுவண் அரசு சரக்குக் கட்டணச் சமன் கொள்கை என ஒன்றை வகுத்தது. இரும்பும் எஃகும் நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே விலை. தொலைவுக்கான செலவை அரசு ஈடு செய்யும். கேட்பதற்குச் சமதருமம் போலத்தான் இருந்தது! விளைவு என்ன? சுரங்கத்தை அடுத்தே ஆலை வைக்க வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. துறைமுகமும் நகரமும் உள்ள மாநிலங்களிலே தொழில் செழித்தது. அன்றைய பீகாரும் ஒடிசாவும் தங்கள் மண்ணைத் தோண்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளத்திலே நின்றன. 1990களின் தொடக்கத்திலேதான் அந்த ஏற்பாடு நீங்கியது. அதனால் பயனடைந்த மாநிலங்களிலே தமிழ்நாடும் ஒன்று. பீகாரின் வறுமைக்கு அது ஒன்றே காரணமன்று. நிலப்பிரபுக்களின் கொடுமையும் சாதியின் கொடுமையும் அதைவிடப் பெரியவை. ஆனால் முதலில் அவன் ஊர் இரும்பு இங்கே வந்தது, பின்னால் அவனே வந்தான் என்பதை மறுக்க முடியுமா?

இப்போது கண்ணாடியைத் திருப்பிப் பிடிப்போம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் உண்டா? பாறையைத் துளைத்துத் தண்ணீர் காட்டும் அந்த வண்டியோடு நம் பிள்ளைகள் மத்தியப் பிரதேசத்துக் கரிசலிலும் இராசத்தான் மணலிலும் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். நாமக்கல் லாரி அசாமுக்கும் காசுமீரத்துக்கும் ஓடுகிறது. ஓட்டுகிறவன் நள்ளிரவிலே பீகாரின் சாலையோரத் தாபா ஒன்றிலே கட்டிலைப் போட்டு உறங்குகிறான். 2023 மார்ச்சிலே, தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பறந்தனவே, அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். படங்கள் பொய் என்று தமிழ்நாட்டுக் காவல்துறை அறிவித்தது, பீகார் அரசின் குழு நேரிலே வந்து பார்த்துச் சென்றது, பொய் அடங்கியது. அடங்காமல் இருந்திருந்தால்? இங்கே ஒரு கொட்டகைக்கு வைத்த தீ, அங்கே ஒரு லாரியின் மேல் பற்றாது என்பதற்கு எவர் உறுதி சொல்ல முடியும்? 1966இலே பம்பாயில் சிவசேனை பிறந்தபோது 'மதராசி' என்று வசைபாடப்பட்டவன் யார்? 1991இலே காவிரியின் பேரால் கருநாடகத்திலே வீடிழந்து ஓடிவந்தவன் யார்? 2015 ஏப்ரலில் சேசாசலக் காட்டிலே ஆந்திரக் காவலரின் துப்பாக்கிக்கு இரையான இருபது பேர் யார்? திருவண்ணாமலை, தருமபுரி மலைப்புறத்து ஏழைகள் பெரும்பாலோர். கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். அன்று நாம் எவ்வளவு கொதித்தோம்!

அதற்கும் முந்திய கதை ஒன்று இருக்கிறது. நம் மாவட்டத்துப் பாட்டிமார் அறிந்த கதை. வெள்ளைக்காரன் இலங்கை மலையிலே காப்பி பயிரிட்டான், பின்னர்த் தேயிலை. பயிரிடக் கை வேண்டுமே! கங்காணி வந்தான், சேலம் ஜில்லாவுக்கும் திருச்சி ஜில்லாவுக்கும். பஞ்சத்திலே வாடிய குடும்பத்தின் முன்னே முன்பணத்தை நீட்டினான். 'தேங்காயும் மாசியும்' விளையும் நாடு என்று ஆசை காட்டினான். வழிச்செலவு கடன், கம்பளி கடன், அரிசி கடன். கடனைக் குறித்த 'துண்டு' கையிலே இருக்கும்வரை ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக முடியாது. மூன்று தலைமுறை உழைத்த பிறகு, 1948இலே சுதந்திர இலங்கை அவர்களைப் பார்த்து 'நீங்கள் எங்கள் குடிகள் அல்லர்' என்றது. 1964இலே சாத்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் அமர்ந்து பங்கு பிரித்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! ஆடு மாட்டைப் பிரிக்கும் சந்தையிலே கூட, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கப்படும் ஆடு இராது.

அந்தக் கங்காணி இறந்துவிட்டானா? இல்லை. ஒடிசாவின் மேற்குப் பகுதியிலே இன்றும் உலவுகிறான். 'சர்தார்' என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறான். முன்பணம் பெற்று ஊரை விட்டுப் போகும் அந்த ஏழைகளுக்கு அங்கே 'தாதன்' தொழிலாளர் என்று பெயர். அவர்கள் பட்ட பாட்டைக் கண்டுதான் 1979இலே மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டமே இயற்றப்பட்டது. நம் பாட்டன் கையிலிருந்த துண்டும் இவன் கையிலிருக்கும் முன்பணமும் ஒரே காகிதத்திலே கிழித்தவை.

'அதெல்லாம் சரி, கூலியைக் கெடுக்கிறானே!' என்பது அடுத்த கேள்வி. குமாரபாளையத்துத் தறித் தொழிலாளி கேட்கிறார். அவருடைய அச்சம் பொய்யன்று. அவர் வீட்டு அடுப்பிலிருந்து எழும் கேள்வி அது. ஆனால் கூலியைக் குறைத்தவன் யார்? குறைத்து வாங்கியவனா, குறைத்துக் கொடுத்தவனா? அந்த 1979ஆம் ஆண்டுச் சட்டமே ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சொல்லிற்று. உள்ளூரானுக்குக் கொடுப்பதையே வெளியூரானுக்கும் கொடு என்றது. ஊர் விட்டு வந்ததற்கு ஒரு படி, போக்குவரத்துச் செலவு, தங்க இடம், மருத்துவம் எல்லாம் அதிலே இருந்தன. ஐந்து பேரை வைத்திருக்கும் இடத்துக்கும் அது செல்லும். அதை எத்தனை கொட்டகையிலே நடைமுறைப்படுத்தினோம்? இன்று அந்தச் சட்டமும் இல்லை. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரிலே நடைமுறைக்கு வந்தபோது அது மறைந்தது. ஐந்து என்பது பத்தாயிற்று. ஊர் விட்டு வந்ததற்கான படி காணாமற் போயிற்று. தரகன் இன்றித் தானே வந்தவனையும் புதிய தொகுப்பு கணக்கிலே சேர்த்துக்கொள்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், அது நல்லதே. ஆனால் எட்டுப் பேர் வேலை செய்யும் வெல்ல ஆலை? அது கணக்கிலே வராது. ஜேடர்பாளையத்துக் கொட்டகையைச் சட்டம் எட்டிப் பார்க்காமலே போய்விடும்.

ஆகவே, உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் காக்க வேண்டுமானால் வெளியூர்த் தொழிலாளிக்குச் சமக் கூலி கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. அவனை விரட்டினால் முதலாளி இன்னும் தொலைவிலிருந்து இன்னும் ஏழையானவனைக் கொண்டுவருவான். மலிவாகக் கிடைப்பதுதானே அவனை இங்கே இழுத்து வந்தது? அந்த மலிவை ஒழியுங்கள்.

இங்கிலாந்திலே பிரிஸ்டல் என்று ஒரு நகரம். அங்கே பேருந்து ஓட்டவும் சீட்டுக் கொடுக்கவும் கறுப்பரையும் ஆசியரையும் சேர்க்க மாட்டோம் என்றது கம்பெனி. கம்பெனி மட்டுமா? 1955இலே அங்குள்ள தொழிற்சங்கக் கிளையே அப்படித் தீர்மானம் போட்டது! காரணம்? வேறென்ன, இங்கே நாம் கேட்கிறோமே அதே அச்சம்: வேலை போய்விடும், வருமானம் குறைந்துவிடும். 1963 ஏப்ரலிலே பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் தலைமையிலே மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். நான்கு திங்கள் நடந்தது. ஆகஸ்டு 28ஆம் நாள் கம்பெனி பணிந்தது. அதே நாளில்தான் வாசிங்டனிலே மார்ட்டின் லூதர் கிங் தம் கனவை உலகுக்கு உரைத்தார். செப்டம்பரிலே சீட்டுக் கொடுக்கும் பையைத் தோளிலே மாட்டிய முதல் வெள்ளையரல்லாதவர் யார் தெரியுமா? ரகுபீர் சிங் என்ற சீக்கியர், வடநாட்டார்! 1965இலே அந்நாட்டிலே இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதற் சட்டம் வந்தது. 1968இலே வேலைக்கும் வீட்டுக்கும் விரிந்தது. 1976இலே இனச் சமத்துவ ஆணையமே அமைந்தது. அந்த ஆணையத்தை நான் பெரிதாகப் புகழப் போவதில்லை. எனக்குப் பிடித்தது வேறு: ஊருக்கு ஊர் அமைந்த சிறு மன்றங்கள். மாலை நேரத்திலே ஒரு மேசை, ஒரு நாற்காலி, படிவம் எழுதிக் கொடுக்க ஓர் ஆள். வீடு கிடைக்காதவனும் கூலி கிடைக்காதவனும் அங்கே போய் உட்கார்ந்தான். கேட்க ஒருவர் இருந்தார்.

மேசையும் நாற்காலியும் நம்மிடம் இல்லையா? ஊர்தோறும் படிப்பகம் கண்டவர்கள் அன்றோ நாம்! முடிதிருத்தும் நிலையத்தையும் தேநீர்க் கடையையும் பள்ளிக்கூடமாக்கிய இயக்கம் இது. இன்று எத்தனை படிப்பகங்கள் பூட்டிக் கிடக்கின்றன என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறந்தநாளுக்குச் சுண்ணாம்பு அடிப்பதோடு சரி. அவற்றை ஞாயிறு மாலையிலே திறந்து வையுங்கள். ஞாயிறுதான் அவனுக்குச் சந்தை நாள். சில பண்ணைகளிலே அரை நாள் ஓய்வும் அன்றைக்குத்தான்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அன்று. ஊரிலே உள்ள குடும்ப அட்டையைக் கொண்டே இங்கே அரிசி வாங்கலாம். 2020 முதல் தமிழ்நாட்டிலே அந்த ஏற்பாடு இருக்கிறது. அவனுக்குத் தெரியாது, கடைக்காரரும் சொல்வதில்லை. உடன் ஒருவர் போனால் போதும். கூலி பாக்கியா? தொழிலாளர் அலுவலருக்கு மனு எழுத வேண்டும். தமிழிலே எழுதத் தெரிந்தவர் நம் கிளையிலே இல்லாமலா போய்விட்டார்? எந்திரத்திலே கை போனால் இழப்பீடு உண்டு. 1923ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டிலே உள்ள உரிமை அது. கையை இழந்தவனிடம் ஐயாயிரத்தைத் திணித்து ரயிலேற்றி அனுப்பிவிடும் வழக்கத்தை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? அவன் பிள்ளைகளைப் பள்ளியிலே சேர்க்க வேண்டும். கோழிப்பண்ணைக்குள்ளே பிறந்து, முட்டை பொறுக்கிக்கொண்டே ஏழு வயதாகிவிட்ட பெண் குழந்தை ஒன்றை மோகனூர்ப் பக்கத்திலே கண்டேன். கணீரென்று தமிழ் பேசுகிறது. எழுத்து ஒன்று தெரியாது. பக்கத்துப் பள்ளிக்கும் பண்ணைக்கும் ஒரு கல் தொலைவு இருக்காது. தமிழ் வளர்ப்பது பற்றி மூன்று மணி நேரம் முழங்கிவிட்டுத் திரும்பும் வழியிலே அந்தக் குழந்தையைப் பார்த்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்த மன்றத்துக்கு எதிர்ப்பு வரும். பண்ணை முதலாளிகள் சிலர் நம் கட்சிக்காரர்கள். ஆலைக்காரர்கள் சிலர் நம் மாநாட்டுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர்கள். 'உள்ளே வந்து கணக்குக் கேட்காதே' என்பார்கள். வாக்கு இல்லாதவனுக்காக வாக்கு உள்ளவனைப் பகைப்பதா என்று மூத்த தோழர் எவரேனும் காதோடு கேட்பார். பட்டமும் பதவியும் வேண்டாம் என்று 1944இலே தீர்மானம் போட்ட மாநாடு இதே சேலத்திலேதான் நடந்தது என்பதை அவருக்கு மரியாதையோடு நினைவூட்டுங்கள். அப்போதும் அவர் அசையவில்லையானால் விட்டுவிடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பரமத்தி வேலூர்த் தோழர்கள் தங்கள் படிப்பகத்தை வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திறப்பதாக எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஒடியா தெரிந்தவர் எவரும் கிடைக்கவில்லையாம். வெல்ல ஆலையிலே ஆறு ஆண்டாக வேலை செய்யும் இளைஞன் ஒருவனே மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டிருக்கிறானாம். நானும் வருகிறேன். அந்த நாடகத்திலே பீடா மென்று நடித்த தோழரையும் உடன் அழைத்து வருகிறேன். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், மனு எழுத உதவும்.